டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சி எல்லைக்கு இந்தப் பக்கம், கணினி பராமரிப்பது என் தொழில். வாடிக்கையாளர்களில் போட்டோ ஸ்டுடியோக்கள்தான் அதிகம். ஓர் அச்சகமும் இரண்டு கணக்கர் அலுவலகங்களும் உண்டு. பாதிக்கு மேல் லினக்ஸ். உரிமக் கட்டணம் இல்லை என்பதுதான் அதற்கு முதல் காரணம், மற்ற பெருமைகள் எல்லாம் பிறகு. இவர்களும், நிரல் எழுதப் பழகும் சில இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.

மவுண்ட் பாயிண்ட் என்றால் என்ன?

லினக்ஸில் சி, டி என்று டிரைவ் எழுத்துகள் கிடையாது. எல்லாம் ஒரே மரம்; அதன் வேர் '/'. புதிதாக ஒரு டிஸ்க்கைச் செருகினால், அதிலுள்ள கோப்பு முறைமையை ஏதாவது ஒரு கோப்பகத்தின் மேல் கொண்டுவந்து பொருத்த வேண்டும். அந்தக் கோப்பகம்தான் மவுண்ட் பாயிண்ட். பொருத்தியபின் அதற்குள் நுழைந்தால் புதிய டிஸ்க்குக்குள் நுழைகிறீர்கள். அந்தக் கோப்பகத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்திருந்தால் அது அழிவதில்லை, மறைந்து கிடக்கும். டிஸ்க்கைக் கழற்றினால் மறுபடியும் தெரியும். இந்த மறைவு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே தார்ச் சாலை, இரு பக்கமும் ஒரே தென்னந்தோப்பு, டீக்கடையில் அங்கும் தமிழ், இங்கும் தமிழ். பேச்சைக் கேட்டு எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று சொல்ல முடியாது. கோப்பகப் பாதையும் அப்படித்தான்: எல்லையைத் தாண்டியது பாதையைப் பார்த்தால் தெரியாது.

பேக்கப் கோப்பகம் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கிறது. அது போதாதா?

போதாது. நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களைத் தினமும் இரவு 2 மணிக்கு யூ.எஸ்.பி. டிஸ்க்குக்கு நகலெடுக்க, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒன்று போட்டிருந்தேன். டிஸ்க் '/பேக்கப்' என்ற கோப்பகத்தில் மவுண்ட் ஆகும். கோப்பகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்கும். கவனமாக எழுதியதாகவே நினைத்திருந்தேன்.

ஆடி மாதம். கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை மின்கம்பிமேல் போட்டுக்கொண்டிருந்த நாட்கள். ஒரு மாலை மின்சாரம் போய் வந்ததில் கணினி மீண்டும் எழுந்தது, யூ.எஸ்.பி. டிஸ்க் எழவில்லை. '/பேக்கப்' கோப்பகம் மட்டும் அங்கேயே இருந்தது, காலியாக. இரவு 2 மணிக்கு ஸ்கிரிப்ட் வந்து பார்த்தது. கோப்பகம் இருக்கிறது, சரி. காலியாக இருக்கிறது, அப்படியானால் எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும். 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில், இயக்க முறைமை குடியிருக்கும் அதே இடத்தில், இடம் தீரும்வரை கொட்டியது.

காலையில் ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். "தம்பி, கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே போய் மறுபடியும் வெளியே வந்து நிற்கிறது." டிஸ்க்கில் ஒரு எழுத்து எழுதக்கூட இடமில்லாததால் திரை திறக்கவில்லை. அண்ணனிடம் காரணத்தைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் நினைத்திருந்தது வைரஸ்.

அப்படிக் கொட்டிய கோப்புகள் பிறகு எங்கே போகின்றன? டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் காணவில்லை, ஆனால் இடம் மட்டும் குறைந்தே இருக்கிறது.

போகவில்லை. மவுண்டுக்கு அடியில் கிடக்கின்றன. டிஎஃப் கட்டளை வேர் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லும். டியூ கட்டளையால் கோப்பகம் கோப்பகமாகக் கூட்டிப் பார்த்தால் 23 ஜி.பி.தான் வரும். இந்த இரண்டு கணக்கும் பெரிதாக உதைத்தால், அழித்தும் இன்னும் எந்த நிரலாவது திறந்து வைத்திருக்கும் கோப்பு ஏதேனும் உண்டா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் மவுண்டுக்கு அடியில் குப்பை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கைக் கழற்றாமலே அதைப் பார்க்க வழி உண்டு. வேர்க் கோப்பகத்தை வேறொரு காலிக் கோப்பகத்தில் பைண்ட் மவுண்ட் செய்யுங்கள், அதாவது அதே கோப்பகத்தை இன்னோர் இடத்திலும் தெரிய வையுங்கள்: 'மவுண்ட் --பைண்ட் / /எட்டிப்பார்'. சாதாரண பைண்ட், உள் மவுண்ட்களைக் கூடவே இழுத்து வராது; ஆகவே '/எட்டிப்பார்/பேக்கப்' என்ற பாதையில் அடியில் கிடப்பது அப்படியே தெரியும். அங்கே அழித்துவிட்டு, பைண்டைக் கழற்றிவிடுங்கள். 'ஆர்பைண்ட்' என்று தட்டிவிடாதீர்கள். அப்போது உள் மவுண்ட்களும் சேர்ந்து வந்துவிடும், நீங்கள் அழிப்பது உண்மையான பேக்கப்பாக இருக்கும்.

எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க் எழுதப்பட்டிருக்கிறதே?

கணினி தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது, கல்யாணப் பத்திரிகை மாதிரி. யாரை அழைத்தோம் என்பது அதில் இருக்கும். யார் வந்தார்கள் என்பது இருக்காது. அதிலும் யூ.எஸ்.பி. டிஸ்க்குக்கு நாம் எல்லோருமே 'நோஃபெயில்' என்ற விருப்பத்தைச் சேர்த்துவிடுகிறோம். சேர்க்காவிட்டால் டிஸ்க் இல்லாதபோது கணினி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். அந்த விருப்பத்தின் பொருளே, டிஸ்க் வராவிட்டாலும் பரவாயில்லை, நடையைக் கட்டு என்பதுதான். என் ஆடி மாதத்து இரவு இந்த ஒற்றைச் சொல்லில் தொடங்கியது.

எம்டேப்?

எவை மாட்டப்பட்டிருக்கின்றன என்று பழைய காலத்தில் மவுண்ட் கட்டளை தானே எழுதி வைத்த குறிப்பேடு அது. கணினி திடீரென அணைந்தால் குறிப்பேடு ஒன்று சொல்லும், நிலைமை வேறாக இருக்கும். இப்போதைய லினக்ஸ்களில் அது '/ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்ஸ்' என்ற பட்டியலைச் சுட்டும் வெறும் இணைப்பு. அந்தப் பட்டியலைத் தருவது கர்னல், அதாவது இயக்க முறைமையின் மையம்.

சாதன எண்ணை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

யூனிக்ஸ் உலகின் மிகப் பழைய உத்தி. ஒவ்வொரு கோப்புக்கும், அதன் விவரம் கேட்கும் ஸ்டாட் அழைப்பு இரண்டு எண்களைத் தரும்: அது இருக்கும் சாதனத்தின் எண், அந்தச் சாதனத்துக்குள் அந்தக் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோடு எண். ஒரு கோப்பகத்தின் சாதன எண்ணையும் அதன் தாய்க் கோப்பகத்தின், அதாவது '..' என்பதன், சாதன எண்ணையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் எல்லை இருக்கிறது, அது மவுண்ட் பாயிண்ட். சாதன எண்ணும் ஐநோடு எண்ணும் இரண்டுமே ஒன்றாக இருந்தால் அது வேர். வேருக்குத் தாய் அதுவேதான்.

பைத்தான் மொழியில் உள்ள 'இஸ்மவுண்ட்' இதைத்தான் செய்கிறது. வேறொரு பாதையைச் சுட்டும் குறியிணைப்பு ஒன்றைக் கொடுத்தால், அது எங்கே சுட்டினாலும், இல்லை என்றே சொல்லும்.

யூ.எஸ்.பி. டிஸ்க் போன்ற எளிய விஷயத்துக்கு இந்த முறை சரியாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு இடத்தில் பொய் சொல்லும்.

எந்த இரண்டு இடத்தில்?

முதலாவது, இருந்தும் இல்லை என்பது. ஒரே டிஸ்க்கில் இருக்கும் ஒரு கோப்பகத்தை அதே டிஸ்க்கின் இன்னோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்தால், இரு பக்கமும் சாதன எண் ஒன்றுதான். ஒப்பிட்டால் வேறுபாடே தெரியாது. எல்லை இருந்தும் காணாமல் போகிறது. எங்கள் தாலுகாவின் பழைய கதையும் இதுதான். கொச்சி, திருவிதாங்கூரோடு 1949இல் இணையும்வரை சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால் கொச்சியின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல், மலபாருக்கும் கோயம்புத்தூருக்கும் இடையில் தனித் துண்டாகக் கிடந்தது. 'இது யாருடையது' என்ற கேள்விக்குக் கொச்சி என்று பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா? சாதன எண் சொல்வது உடைமையை மட்டும். கோப்பைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் 'எக்ஸ்டெவ்', டியூ கட்டளையின் 'ஒரே கோப்பு முறைமை' போன்ற விருப்பங்களும் இதே எண்ணைத்தான் நம்புகின்றன. பைண்ட் மவுண்டைத் தாண்டி உள்ளே போய்விடும்.

இரண்டாவது, இல்லாமலே இருக்கிறது என்பது. பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில், அதற்குள்ளேயே தனி மரம்போல் பிரித்த துணைத்தொகுதி ஒவ்வொன்றுக்கும் தனிச் சாதன எண் கிடைக்கும். யாரும் மவுண்ட் செய்யாத, சாதாரணக் கோப்பகம்போல் கிடக்கும் துணைத்தொகுதியையும் 'இஸ்மவுண்ட்' மவுண்ட் பாயிண்ட் என்று சொல்லிவிடும். பைத்தான் ஆவணத்திலேயே இந்த இரண்டு குறையும் எழுதப்பட்டிருக்கின்றன. நாம்தான் அதைப் படிப்பதில்லை.

அப்படியானால் யாரைக் கேட்பது?

கர்னலை. எதை எங்கே மாட்டினோம் என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். லினக்ஸ் 2.6.26 முதல் '/ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோ' என்ற கோப்பு இருக்கிறது. ஒரு மவுண்டுக்கு ஒரு வரி. ஸ்டுடியோ கணினியில் அந்த டிஸ்க்கின் வரி இப்படி இருக்கும்:

97 29 8:17 / /பேக்கப் ஆர்டபிள்யூ,ரிலேடைம் ஷேர்ட்:52 - இஎக்ஸ்டி4 /டெவ்/எஸ்டிபி1 ஆர்டபிள்யூ

97 என்பது இந்த மவுண்டின் எண். 29 இது எந்த மவுண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதன் எண். 8:17 சாதன எண்; இரண்டாவது டிஸ்க்கின் முதல் பகுதி. அடுத்து வரும் '/' முக்கியமானது: அந்தக் கோப்பு முறைமைக்குள் எந்தக் கோப்பகம் இங்கே வந்திருக்கிறது என்பது. முழு டிஸ்க் என்றால் வெறும் '/'. பைண்ட் மவுண்ட் என்றால் இந்த இடத்தில் '/வீடியோ' என்பதுபோல் உள்பாதை இருக்கும். ஐந்தாவது புலம்தான் நாம் தேடும் மவுண்ட் பாயிண்ட். ஆறாவது விருப்பங்கள்.

அதன்பின் வரும் 'ஷேர்ட்:52' போன்றவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஒன்றுக்கு மேலும் வரலாம். அதனால்தான் நடுவில் தனியாக ஒரு சிறு கோடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே கோப்பு முறைமையின் வகையைப் படிக்க வேண்டும். ஒன்பதாவது புலம் வகை என்று எண்ணிப் பிடிக்கிற ஸ்கிரிப்ட் ஒருநாள் சரியாக ஓடும், மறுநாள் கவிழும்.

என் டிஸ்க்கின் பெயரில் இடைவெளி இருக்கிறது. அந்த வரியில் தேடினால் கிடைக்கவில்லை.

'முகூர்த்தம் 2' என்று பெயர் வைத்த ஸ்டுடியோக்காரர் நீங்கள்தானே? புலங்களைப் பிரிப்பதே இடைவெளி என்பதால், பெயருக்குள் வரும் இடைவெளியைக் கர்னல் '\040' என்று எழுதும். டேப் '\011', வரிமுறிவு '\012', பின்சாய்வுக்கோடு '\134'. தமிழ் எழுத்துகளைத் தொடாது, அப்படியே விட்டுவிடும். ஒப்பிடுவதற்கு முன்னால் இந்த நான்கையும் திருப்பி மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்யும் டிஸ்க்குகளுக்கு '/மீடியா' கோப்பகத்தின் கீழ் டிஸ்க்கின் பெயரிலேயே இடம் உருவாகும். முன்பு ஒழுங்காகக் கழற்றாததால் பழைய கோப்பகம் அங்கேயே கிடந்தால், புதிய மவுண்ட் பெயருக்குப் பின்னால் 1 சேர்த்துக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்காரும். உங்கள் ஸ்கிரிப்ட் பழைய காலிக் கோப்பகத்தில் எழுதிக்கொண்டிருக்கும். பேக்கப் டிஸ்க்கை டெஸ்க்டாப்பின் தயவில் விடாதீர்கள். எஃப்எஸ்டேப்பில் நிலையான இடம் கொடுங்கள்.

இதையெல்லாம் நானே பிரித்துப் படிக்க வேண்டுமா?

வேண்டாம். யுடில்-லினக்ஸ் தொகுப்பில் இரண்டு கட்டளைகள் உண்டு. எந்த லினக்ஸிலும் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளைக்கு '-க்யூ' விருப்பத்தோடு பாதையைக் கொடுத்தால் வாய் திறக்காது. ஆம் என்றால் 0, இல்லையென்றால் வேறு எண் திருப்பும். ஸ்கிரிப்டில் முதல் வரியாக வைக்க இது போதும். பைண்ட் மவுண்டையும் கண்டுபிடிக்கும், மவுண்ட்இன்ஃபோவைப் படிப்பதால்.

'ஃபைண்ட்மவுண்ட்' என்று நான் உச்சரிக்கும் மற்ற கட்டளை வகை, மூலம், யூ.யூ.ஐ.டி. (கோப்பு முறைமையின் தனித்த அடையாள எண்) எல்லாவற்றையும் தரும். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. '--மவுண்ட்பாயிண்ட்' என்று கேட்டால், அந்தப் பாதையே மவுண்ட் பாயிண்டாக இருந்தால்தான் வெற்றி. '--டார்கெட்' என்று கேட்டால், அந்தப் பாதை எந்த மவுண்டுக்குள் இருக்கிறதோ அதைத் தரும். டிஸ்க் இல்லாவிட்டால் வேரைக் காட்டிவிட்டு 0 என்று வெற்றியும் சொல்லிவிடும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன்.

நான் சி மொழியில் எழுதுகிறேன். நேரான அழைப்பு ஏதும் இல்லையா?

2017இல், லினக்ஸ் 4.11இல், ஸ்டாட் அழைப்பின் விரிந்த வடிவமான ஸ்டாட்எக்ஸ் வந்தது. லினக்ஸ் 5.8 முதல் அது தரும் பண்புகளில் 'மவுண்ட் ரூட்' என்ற ஒன்று இருக்கிறது: இது ஒரு மவுண்டின் வேரா என்பதற்கு நேரடி விடை. பைண்ட் மவுண்ட், பி.டி.ஆர்.எஃப்.எஸ். இரண்டிலும் ஏமாறாது. ஆனால் பண்பைப் பார்க்கும் முன் பண்பு முகமூடியை, அதாவது எந்தப் பண்புகளுக்குக் கர்னல் விடை தரும் என்ற குறிப்பை, பார்க்க வேண்டும். பழைய கர்னலில் அந்தப் பண்பே ஆதரிக்கப்படாது. அங்கே 0 வந்தால் 'இல்லை' என்று பொருளல்ல, 'எனக்குத் தெரியாது' என்று பொருள். அப்போது மவுண்ட்இன்ஃபோவுக்குத் திரும்புங்கள்.

மவுண்ட் எண்ணும் 5.8 முதல் இதே அழைப்பில் கிடைக்கும். கழற்றி மாட்டினால் அதே எண் வேறு மவுண்டுக்குப் போகலாம் என்பதால், நீண்ட நேரம் நினைவில் வைத்து ஒப்பிட அது உதவாது. திரும்ப வராத தனித்த எண் 6.8இல்தான் வந்தது. மரத்தில் இறங்கிப்போகும் நிரல் எல்லையைத் தாண்டவே கூடாது என்றால், 5.6இல் வந்த ஓப்பன்ஏட்2 அழைப்பில் அதைத் தடுக்கும் விருப்பம் உண்டு. பைண்ட் மவுண்டையும் தாண்டவிடாது.

மவுண்ட் ஆகியிருக்கிறது. ஆனால் என் டிஸ்க்தான் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நமக்கு வேண்டியது '/பேக்கப்' ஒரு மவுண்ட் பாயிண்டா என்பது அல்ல. ஸ்டுடியோவின் பேக்கப் டிஸ்க் இப்போது அங்கே இருக்கிறதா என்பது.

'/டெவ்/எஸ்டிபி1' என்ற பெயரை நம்பாதீர்கள். அது கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் கிடைக்கும் பெயர். இன்று பேக்கப் டிஸ்க்குக்கு, நாளை யாரோ செருகிய பென் டிரைவுக்கு. நம் ஊர்ப் பெயரே இதற்குச் சாட்சி. பாலக்காட்டில் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் ஒரு சித்தூர். ஊர்ப் பெயரை மட்டும் எழுதி நான் வரவழைத்த கீபோர்டு ஒன்று, ஆந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு 11 நாள் கழித்து வந்தது. அன்றிலிருந்து 678இல் தொடங்கும் பின்கோடைப் பெரிதாக எழுதுகிறேன். அவர்களுடையது 517இல் தொடங்கும். டிஸ்க்குக்குப் பின்கோடு யூ.யூ.ஐ.டி. எஃப்எஸ்டேப்பில் அதை எழுதுங்கள். ஸ்கிரிப்டிலும் ஃபைண்ட்மவுண்ட் தரும் யூ.யூ.ஐ.டி.யை எதிர்பார்க்கும் ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

இதைவிட எளிய உத்தியும் உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும்போது அதன் வேரில் ஓர் அடையாளக் கோப்பை உருவாக்கி வையுங்கள். ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைக் கண்டால்தான் எழுத வேண்டும். கர்னல் பதிப்பு, பி.டி.ஆர்.எஃப்.எஸ்., எதுவும் தெரிய வேண்டாம். பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது.

சரிபார்த்த மறுகணமே டிஸ்க் கழன்றுவிட்டால்?

பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள இடைவெளி எப்போதும் ஆபத்துதான். முதலில் கோப்பகத்தைத் திறந்து கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்ததையே சோதியுங்கள், அதிலிருந்து சார்புப் பாதையில் எழுதுங்கள். சி நிரலில் திறந்த விவரிப்பியும் ஓப்பன்ஏட் அழைப்பும். ஷெல் ஸ்கிரிப்டில், முதலில் சிடி கட்டளையால் உள்ளே போய், பிறகு './அடையாளம்' என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு '.' என்ற இடத்துக்கே நகலெடுப்பது. நீங்கள் உள்ளே நிற்கும்வரை சாதாரணமாகக் கழற்ற முயன்றால் 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று கர்னல் மறுக்கும். யாராவது வயரையே பிடுங்கினாலும் உங்கள் எழுத்து பிழையோடு நிற்குமே தவிர, அடியிலுள்ள வேர் டிஸ்க்கில் போய் விழாது.

தானியங்கி மவுண்ட் வைத்திருக்கிறேன். டிஸ்க் இல்லாதபோதும் மவுண்ட்பாயிண்ட் கட்டளை 'ஆம்' என்கிறதே?

பொய் சொல்லவில்லை. அங்கே ஆட்டோஎஃப்எஸ் என்ற காவலாளி மவுண்ட் ஆகியிருக்கிறது. உண்மையான டிஸ்க் வந்து மாட்டப்படுவது, நீங்கள் உள்ளே கால் வைக்கும்போதுதான். முதலில் கோப்பகத்தின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடச் சொல்லி எழுப்பிவிட்டு, பிறகு வகையைப் பாருங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு வரி இருக்கும். கடைசி வரிதான் மேலே இருப்பது. அதிலும் ஆட்டோஎஃப்எஸ் என்றே இருந்தால் டிஸ்க் வரவில்லை.

நெட்வொர்க் டிஸ்க். சோதிக்கப் போன ஸ்கிரிப்டே தொங்கிவிடுகிறது.

நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். சர்வர் செத்துக் கிடக்கும்போது ஸ்டாட் அழைத்தால், சர்வர் உயிர்த்தெழும்வரை காத்திருக்கும். இயல்பான 'ஹார்ட்' மவுண்டின் குணம் அது. மவுண்ட்பாயிண்ட் கட்டளையும் ஸ்டாட் செய்வதால் கூடவே தொங்கும். மவுண்ட்இன்ஃபோவை நேராகப் படித்தால் தொங்காது, ஏனென்றால் அது கர்னலின் நினைவகத்திலிருந்து வருகிறது, சர்வரைத் தொடுவதில்லை. ஆனால் அது சொல்வது மாட்டியிருக்கிறது என்பதை மட்டும். சர்வர் பதில் தருகிறதா என்பதை, கால வரம்பு வைத்துக் கொல்லக்கூடிய தனிச் செயலாக்கத்தில் சோதியுங்கள்.

கன்டெய்னருக்குள் டிஸ்க் காலியாகத் தெரிகிறது, வெளியே நிரம்பியிருக்கிறது.

கன்டெய்னர் என்பது நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி. அதற்குத் தனி மவுண்ட் பெயர்வெளி, அதாவது தனி மவுண்ட் பட்டியல். லினக்ஸ் 2.4.19இல் வந்த வசதி. 'செல்ஃப்' என்ற சொல் ப்ராக் பாதையில் இருப்பதன் காரணமும் அதுவே, ஒவ்வொரு செயலாக்கமும் தன் கண்ணுக்குத் தெரியும் மரத்தையே காண்கிறது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் ஒரு கோப்பகத்தைப் பகிர்ந்து கன்டெய்னரைத் தொடங்கிய பிறகு, வெளியே அதன்மேல் டிஸ்க்கை மாட்டினால், இயல்பு அமைப்பில் அது உள்ளே பரவாது. டிஸ்க்கை மாட்டிவிட்டுக் கன்டெய்னரைத் தொடங்குங்கள்.

விண்டோஸ், மேக்?

விண்டோஸில் டிரைவ் எழுத்து மட்டுமல்ல, விண்டோஸ் 2000 முதல் என்.டி.எஃப்.எஸ். கோப்புறையிலும் ஒரு தொகுதியை மாட்டலாம். ஜங்ஷன் எனப்படும் சாதாரணத் திருப்பமும் தொகுதி மவுண்டும் ஒரே குறிச்சீட்டைப் பயன்படுத்துவதால், குறியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்; அது எந்தத் தொகுதியைச் சுட்டுகிறது என்பதுவரை பார்க்க வேண்டும். 'மவுண்ட்வால்' கட்டளை பட்டியலிடும்.

மேக்கில் ப்ராக் கிடையாது. ஸ்டாட்எஃப்எஸ் அழைப்பு, பாதை எந்த மவுண்டில் இருக்கிறது என்று சொல்லும். அது திருப்பும் மவுண்ட் பாதையும் நீங்கள் கொடுத்த பாதையும் ஒன்றானால் மவுண்ட் பாயிண்ட்.

பேக்கப் டிஸ்க் இல்லாததைவிட மோசமாக ஏதாவது நடக்குமா?

மூல டிஸ்க் இல்லாமல் போவது. ஆர்சிங்க்குக்கு 'டிலீட்' விருப்பம் கொடுத்திருந்தால், மூலத்தில் இல்லாததை எல்லாம் நகலிலும் அழிப்பது அதன் கடமை. படங்கள் இருக்கும் டிஸ்க் மவுண்ட் ஆகாத இரவில், மூலம் காலிக் கோப்பகம். படிப்பதில் பிழை வந்தால் ஆர்சிங்க் அழிப்பதைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் காலிக் கோப்பகம் பிழையல்ல. முழு பேக்கப்பையும் அழித்துவிட்டு வெற்றி என்று சொல்லும். இரு பக்கமும் அடையாளக் கோப்பு வையுங்கள், அழிப்பின் உச்ச எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துங்கள்.

ஸ்கிரிப்டைத் தொடாமல் கோப்பகத்தையே பாதுகாக்க முடியுமா?

முடியும், இதைத்தான் நான் எல்லா இடத்திலும் முதலில் செய்கிறேன். டிஸ்க்கைக் கழற்றுங்கள். காலியாக நிற்கும் '/பேக்கப்' கோப்பகத்துக்கு சாட்டர் கட்டளையால் '+ஐ' (மாற்றக் கூடாது என்ற குறி) கொடுங்கள். இனி அந்தக் காலிக் கோப்பகத்தில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரும் எழுத முடியாது, 'அனுமதி இல்லை' என்று திரும்பிவிடும். அதன்மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்குத் தடையில்லை. மவுண்ட் ஆனபின் வழக்கம்போல் எழுதலாம். வெறும் அனுமதிகளைக் குறைத்து 000 ஆக்குவது போதாது, ரூட் அதை மதிக்காது. பேக்கப் ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் ரூட்டாகத்தான் ஓடுகின்றன.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக ஓட்டுகிறீர்கள் என்றால் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' என்று பாதையைக் கொடுங்கள். மவுண்ட் ஆகாமல் சேவை தொடங்காது. 'கண்டிஷன்பாத்இஸ்மவுண்ட்பாயிண்ட்' வைத்தால் டிஸ்க் இல்லாதபோது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். 'அசர்ட்' என்று தொடங்கும் அதன் இணை தோல்வி என்று பதிவு செய்யும். பேக்கப்புக்கு நான் எப்போதும் இரண்டாவதையே வைக்கிறேன், ஸ்டுடியோக்காரருக்குச் செய்தியும் போகுமாறு. சென்ற ஆடியில் அவருக்கு மூன்று முறை செய்தி வந்தது. மூன்று முறையும் யூ.எஸ்.பி. வயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு, "தம்பி, பச்சை விளக்கு எரிகிறது" என்று எனக்குப் போன் செய்தார்.